ஹெட்ஃபோனுக்கு வெளியே

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை. முன்னால் விளக்கு வெளிச்சத்தில் நின்று, "இந்த ஃபிரேம் உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று வருகிற எல்லா முகத்துக்கும் சொல்கிறவர்கள் வேறு ஆட்கள். அவள் இருப்பது பின்னறையில். வட்டமாக வந்த லென்ஸில் நடுப்புள்ளியை மையால் குறித்து, ஃபிரேமின் வடிவத்துக்கு விளிம்பைத் தேய்த்து, சூடு காட்டி இளக்கிய ஃபிரேமுக்குள் அதை அழுத்தி உட்கார வைப்பது அவள் வேலை. அந்த நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். எதனால் வருகிறது என்று தெரியாமல் அந்த மனிதர் மாத்திரை முழுங்கிக்கொண்டு திரிவார். அரை மில்லிமீட்டர்தானே, பரவாயில்லை என்று மற்றவர்கள் விடுகிற இடத்தில் அவள் விடமாட்டாள். தேய்த்த லென்ஸைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதனால் கடையில் அவளுக்கு 'அரை மில்லி' என்று பெயர். முதலாளி முதல் கூட்டிப் பெருக்குகிற அம்மாள் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் அதை ஒரு பட்டம் போலவே எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். 'ஊமைக் கச்சேரி.' வைத்தவள் மகள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தக் கீபோர்டை வாங்கியதே மகளுக்காகத்தான். பிள்ளை மூன்று மாதம் வாசித்தாள், பிறகு ஒரு நாள் அதன் மேல் துணி மடித்து வைக்க ஆரம்பித்தாள். துணியை எடுத்துவிட்டு அம்மா உட்கார்ந்தாள். பயிற்சிப் புத்தகம் ஒன்று கூடவே வந்திருந்தது. நாற்பத்தோரு வயதில், எண் ஒன்று என்றால் எந்த விரல், அது எந்தக் கட்டையில் விழ வேண்டும் என்று படம் பார்த்துத் தேடினாள்.

இரண்டாவது வாரமே கீழ் வீட்டு நர்ஸ் படியேறி வந்துவிட்டாள். நல்ல பெண். சண்டைக்கு வரவில்லை. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு எப்பவும் நைட் டியூட்டி. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும்தான் என் தூக்கம்" என்றாள். மறுநாளே ஹெட்ஃபோன் வந்துவிட்டது. அதன் வயரைக் கீபோர்டில் சொருகினால் ஸ்பீக்கர் அடங்கிப்போகும், சத்தம் முழுக்க வாசிக்கிறவள் காதுக்குள் மட்டும். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், நர்ஸ் வந்து சொல்லாவிட்டாலும் அவள் வேறு ஏதாவது ஒரு சாக்கைக் கண்டுபிடித்திருப்பாள். அரைகுறையாக எதையும் வெளியே காட்டுகிற ஆள் இல்லை அவள். விரல் தடுக்கி விழுவதை நாலு பேர் கேட்கும்படி வைத்துக்கொள்வாளா?

அப்படித்தான் பதினோரு வருடம் ஓடியது. கடை விட்டு வந்து, முகம் கழுவி, ஆறு மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டினால் ஏழு மணிக்குக் கழற்றுவாள். வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்பது கட்டைகள் அமுங்கி எழுகிற டொக் டொக் மட்டும்தான் என்பது அவள் நினைப்பு. புத்தகத்தை முடித்தாள். அடுத்த புத்தகத்தையும் முடித்தாள். பிறகு புத்தகத்தில் இல்லாத மெட்டுகள் தாமாகவே விரலுக்கு வர ஆரம்பித்தன. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் கேட்கவுமில்லை.

கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

அவள் கணவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். பேச்சில் கல்லுளிமங்கன். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குத் தலையாட்டுவான், அதுவும் எந்தக் கேள்விக்கு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் காது மட்டும் அபாரம். ஓடுகிற லிஃப்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்று, எந்தத் தளத்துக்கும் எந்தத் தளத்துக்கும் நடுவில் தண்டவாளம் உரசுகிறது என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன், அவள் வாசிக்கிற அந்த ஒரு மணி நேரமும் அதே கூடத்தில், ஜன்னலோரத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். மடியில் ஏதாவது ஒரு பழைய சுவிட்சோ ரிலேயோ பிரித்துப்போட்டிருக்கும். ஒரு நாளாவது, "இன்னிக்கு என்ன வாசிச்சே?" என்று கேட்டதில்லை.

மூன்றாவது வருடத்தில் ஒரு தடவை அவளே வாய்விட்டுக் கேட்டாள். ஒரு மெட்டு தடுக்காமல் முழுசாக வந்துவிட்ட சந்தோஷம். ஹெட்ஃபோனைக் கழற்றி அவன் பக்கம் நீட்டினாள்.

"ஒரு தடவை கேக்குறீங்களா?"

அவன் நிமிர்ந்து ஹெட்ஃபோனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வேணாம். நீ வாசி" என்றான். மறுபடியும் மடியில் இருந்த சுவிட்சுக்குள் தலையைவிட்டுக்கொண்டான்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 'வேணாம்' அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. எட்டு வருடமாக அது அங்கேதான் இருந்தது. அவன் ஊரில் இருக்கிற எல்லா மோட்டாருக்கும் காது கொடுப்பான், நம்முடையதுக்கு மாட்டான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், நூலகத்து மாடியில், பெரியவர்களுக்கான மாலை நேர இசைப் பள்ளி ஒன்று உண்டு. ஒரு நாள் அதன் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டு நின்றதில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள். இரண்டாம் நிலை வகுப்புக்கு ஆட்கள் தேவை. சேர விரும்புகிறவர்கள் தாங்கள் வாசித்ததை ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் பதிவுசெய்து, அடுத்த வாரம் ஞாயிறு மாலைக்குள் அனுப்ப வேண்டும். எந்த மெட்டாக இருந்தாலும் சரி. வாத்தியத்தின் ஒலி தவிர வேறு ஒலி இருக்கக் கூடாது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி: வருகிற ஒவ்வொரு பதிவையும் ஆசிரியர் முழுமையாகக் கேட்டு, இரண்டு வரி கருத்து எழுதி அனுப்புவார்.

சேர்த்துக்கொள்வார்களா மாட்டார்களா என்பதைவிட அந்த இரண்டு வரிதான் அவளைப் பிடித்து ஆட்டியது. பதினோரு வருடமாக ஒருத்தி உட்கார்ந்து வாசிக்கிறாள். அது எப்படி இருக்கிறது என்று ஒரு மனிதர், ஒரே ஒரு மனிதர் சொன்னதில்லை. நல்லாயிருக்கிறது என்றுகூட வேண்டாம். கேட்டேன், இப்படி இருந்தது என்று ஒருவர் சொன்னால் போதும். அந்த இரண்டு வரி தனக்கு வேண்டும் என்று அவள் அன்றைக்கு முடிவு செய்தாள்.

சனிக்கிழமை கடை அரை நாள். மூன்று மணிக்கு உட்கார்ந்தாள். கீபோர்டிலேயே பதிவுசெய்கிற பொத்தான் ஒன்று உண்டு. ஆனால் அது பதிகிறதெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும், வெளியே எடுத்து அனுப்ப வழி கிடையாது. அதனால் செல்போனைக் கட்டைகளுக்கு மேலே, புத்தகம் சாய்க்கிற தட்டில் நிறுத்தினாள். நேராக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பதிவை அமுக்கினாள். ஹெட்ஃபோனை மாட்டினாள்.

எங்கே தப்பு என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருடமாக, சங்கீதம் என்றால் ஹெட்ஃபோனை மாட்டியதும் கேட்பது என்று பழகிப்போனவள். தன் காதுக்குள் அத்தனை நிறைவாகக் கேட்கிற ஒன்று, முக்கால் அடி தூரத்தில் இருக்கிற செல்போனுக்குக் கேட்காது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நடுப்புள்ளியை அரை மில்லி பிசகாமல் வைக்கிறவள் இங்கே மொத்தக் கண்ணாடியையும் கோட்டைவிட்டாள்.

வாசித்தது அவளுடைய சொந்த மெட்டு. இரண்டு வருடமாக அதை இழைத்துக்கொண்டிருந்தாள். தாழ ஆரம்பித்து, நிதானமாக ஏறி, உச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும். திரும்புகிற அந்த இடம் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஏறியது எப்படி இறங்குவது என்று தெரியாமல் விரல் ஒரு கணம் நின்றுவிடும், பிறகு ஒருவாறு சமாளித்துக்கொண்டு இறங்கும். அன்றைக்கும் நின்றது. இருந்தாலும் மற்ற இடமெல்லாம் நன்றாக வந்திருந்ததால் ஒரு திருப்தியோடு எழுந்தாள். உடனே போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செல்போனைத் தொட்டுத் தொட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கடையில் எல்லோரும் வெளியே போன பிறகு, லென்ஸ் தேய்க்கிற மிஷினை நிறுத்திவிட்டு அதைப் போட்டாள்.

டொக். டொக் டொக். டொக்.

வாத்தியம் எங்கே என்று சத்தத்தைக் கூட்டினாள். டொக் டொக் பெரிதாயிற்று. அதோடு ஒரு பெண்குரல் வந்தது. மூக்கும் தொண்டையும் சேர்ந்த குரல். வாய் திறக்காமல், ம்ம் ம்ம்ம் என்று இழுத்து இழுத்து முனகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ என்று முதலில் நினைத்தாள். அந்தக் குரல் தன் மெட்டையே முனகுவது பிறகுதான் உறைத்தது. இடையில் அது இருமியது. அந்த இருமல் அவளுடையது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தாள். காதுக்குள் வாத்தியம் நிறைந்திருக்கும்போது தன் குரல் தனக்குக் கேட்காது. அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. மெட்டு ஏறினால் குரலும் ஏறுகிறது, சின்னப் பெருமூச்சு, மறுபடி ம்ம்ம். இதையா பதினோரு வருடமாக வீடு கேட்டுக்கொண்டிருந்தது? டொக் டொக் மட்டும்தான் வெளியே போகிறது என்று நம்பிக்கொண்டு, கதவைத் திறந்துபோட்டுக் குளித்தவள் மாதிரி இருந்திருக்கிறோமே என்று நினைத்ததும் தனியறையிலேயே அவளுக்கு முகம் சிவந்தது.

எப்போதோ ஒரு நாள் மாடிப்படியில் எதிர்ப்பட்ட நர்ஸ், "இப்ப வலி எப்படிக்கா இருக்கு?" என்று அக்கறையாக விசாரித்தது ஞாபகம் வந்தது. அப்போது அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு வாயைத் திறந்தாலே வலிதான் வரும்போல என்று நினைத்து, "பரவாயில்லைங்க" என்று சொல்லி நகர்ந்துவிட்டாள். இப்போது விளங்கிவிட்டது.

அழித்துவிடலாம் என்றுதான் கையைக் கொண்டுபோனாள். அதற்குள் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஆகியிருந்தது. மெட்டு உச்சிக்கு ஏறி, வழக்கமான இடத்தில் நின்றது. டொக் டொக் நின்றது. முனகல் நின்றது. அந்த இடைவெளியில், தூரத்திலிருந்து, இன்னொரு குரல் வந்தது.

ஆண்குரல். தாழ்ந்த, கரகரப்பான குரல். நாலே நாலு ஸ்வரம். மேலே நின்றதைக் கைபிடித்து இறக்குவதுபோல நாலு படி இறங்கி அடுத்த வரியில் விட்டது. பிறகு டொக் டொக் தொடர்ந்தது. அந்தக் குரல் மறைந்துவிட்டது.

அவள் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். மறுபடியும். சந்தேகமே இல்லை. ஜன்னலோரத்து நாற்காலி. அவள் இரண்டு வருடமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்த இடத்தை அந்த மனுஷன் சுவிட்சைத் திருகிக்கொண்டே நாலு ஸ்வரத்தில் முடித்துவைத்திருந்தான். அதுவும் அன்றைக்குத்தான் முதல் தடவை பாடுகிற மாதிரி இல்லை. பழகிய படியில் இறங்குகிற மாதிரி இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்து மிஷினைப் போட்ட பிறகும் அந்த நாலு ஸ்வரமே காதில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு லென்ஸ் வீணாயிற்று. 'அரை மில்லி' லென்ஸை வீணாக்கினாள் என்று கடையே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

செவ்வாய்க்கிழமை மகளுக்குப் போன் செய்தாள். மகள் இப்போது வேறு ஊரில் வேலை.

"ஏன்டி, நான் வாசிக்கும்போது முனகுவேனா?"

 மறுமுனையில் அடக்க முடியாத சிரிப்பு.

"யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. அதைத்தான் கேக்குறேன். ஊமைக் கச்சேரின்னு பேரு வச்சியே, அப்ப உனக்குத் தெரியும்தானே?"

"தெரிஞ்சதனாலதான் அந்தப் பேரே வச்சேன். எனக்குப் பரீட்சைக்குப் படிச்சதெல்லாம் உன் பாட்டோடதான் ஞாபகம் வரும்மா. மத்ததை அப்பாவைக் கேளு."

அப்பாவைக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக வேறு வேலை செய்தாள். அன்றைக்கு ஆறு மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வாசித்தாள். புதன்கிழமையும் அப்படியே. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்ததில் தாடை வலித்தது. விரல்கள் சரியான இடத்தில்தான் விழுந்தன. ஆனால் எதற்காக வாசிக்கிறோம் என்றே தெரியவில்லை.

புதன்கிழமை ஆறரை மணி இருக்கும். தோளில் கை பட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றினாள். ஜன்னலோரத்தை விட்டு எழுந்துவந்து, கையில் திருப்புளியோடு அவன் நின்றிருந்தான். வாசிக்கிற நேரத்தில் அவன் எழுந்துவந்தது அதுதான் முதல் தடவை.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏன்?"

"ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்."

"நான் என்னிக்குச் சத்தமா வாசிச்சிருக்கேன்?"

அவன் திருப்புளியால் கழுத்தைச் சொறிந்தான். மாட்டிக்கொண்டால் அப்படித்தான் செய்வான். அவள் செல்போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டாள். டொக் டொக்கும் முனகலும் கூடத்தில் கேட்டன. அவன் தலையைச் சாய்த்து, மோட்டாரைக் கேட்கிற மாதிரி கவனமாகக் கேட்டான். அவன் முகத்தில் ஆச்சரியம் துளியும் இல்லை.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டாள்.

"ஹெட்ஃபோன் வந்த வாரத்துலேருந்தே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவே." திருப்புளியை அவள் பக்கம் நீட்டி, "இப்ப பாரு, யாரும் சொல்லாமலே நிறுத்திட்டே" என்றான். "இந்தப் பாட்டுக்கு நான் 'நடுவுல நிக்கிறது'ன்னு பேரு வச்சிருக்கேன். ஏறிப் போயி, ஒரு இடத்துல ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும்ல, அதான். இன்னொண்ணு இருக்கு, சரசரன்னு போறது. அது சர்வீஸ் லிஃப்ட்."

அவன் ஒரே மூச்சில் இத்தனை பேசி அவள் கேட்டதில்லை. அவளுடைய மெட்டுக்கெல்லாம் அவன் பெயர் வைத்திருக்கிறான். அவளே வைக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தோடு கோபமும் வந்தது. எட்டு வருடத்து முள் அல்லவா, சும்மா வராது.

"அப்ப, அன்னிக்கு ஹெட்ஃபோனைக் குடுத்தேனே. கேக்குறீங்களான்னு கேட்டேனே. வேணாம்னு ஏன் சொன்னீங்க?"

எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை.

"அதை மாட்டிக்கிட்டா மிஷின் சத்தம்தானே கேக்கும்? உன் சத்தம் கேக்காதே."

விளக்கை அணைத்தால் இருட்டாகும் என்று சொல்கிற தொனியில்தான் சொன்னான். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோலத் திருப்புளியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.  அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கக் கட்டைகளை எண்ணுகிறவள்போலக் குனிந்துகொண்டாள்.

அதற்குள் செல்போனில் மெட்டு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் முப்பத்தைந்து. இன்னும் ஐந்து விநாடியில் அந்த நாலு ஸ்வரம் வரும். தானும் பாடுகிறோம் என்பது இந்த மனுஷனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு நிம்மதியாக நின்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். இதைக் கேட்டால் அவன் வெட்கத்தில் சுருங்கிப்போவான், இனி அந்த நாற்காலியில் உதட்டை மூடிக்கொண்டுதான் உட்காருவான்.

அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மிச்சம்?"

"மிச்சத்துல ஒண்ணுமில்ல. நின்னுபோச்சு."

அவன் தலையாட்டிவிட்டு நாற்காலிக்குப் போனான். அவள் ஹெட்ஃபோனை மாட்டினாள். உதட்டைத் தளரவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே போய் நர்ஸின் கதவைத் தட்டினாள். அன்றைக்கு நர்ஸுக்கு விடுமுறை. ஒரு மணி நேரம் ஸ்பீக்கர் போட்டு வாசிக்க வேண்டும், தொந்தரவாக இருக்குமா என்று கேட்டாள்.

"தாராளமா வாசிங்கக்கா. வலி இப்ப எப்படி இருக்கு? நடுவுல ரெண்டு நாள் முனகலையே காணோம். குறைஞ்சுடுச்சு போலன்னு நெனச்சேன்."

"இல்லைங்க, திரும்பி வந்துடுச்சு" என்றாள். "இனிமே போகாது. பழகிக்க வேண்டியதுதான்."

நர்ஸ் பாவம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள்.

மேலே வந்து, இசைப் பள்ளிக்கு ஒன்று பதிவுசெய்து அனுப்பப்போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு, ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கினாள். செல்போனை அதே தட்டில் நிறுத்தினாள். முதலில் பள்ளி கேட்டபடியே, வாத்தியம் மட்டும். உதட்டை மூடிக்கொண்டு ஒரு தடவை வாசித்துப் பதிவுசெய்தாள். உச்சியில்கூட விரல் நிற்காமல் சமாளித்தாள். ஒரு பிழை இல்லை. ஜன்னலோரத்தில் சத்தமே இல்லை. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

தன் வாசிப்பு எப்படி என்று பதினோரு வருடத்தில் அவனை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் யோசித்தான்.

"மோட்டார் ஓடுது. லிஃப்ட் நகரல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு இரண்டாவது தடவை பதிவை அமுக்கினாள். இந்தத் தடவை உதட்டைப் பற்றி நினைக்கவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தில், வாசிக்கும்போதே தன் முனகல் முதன்முதலாகத் தன் காதில் விழுந்தது. சுருதியில் வாத்தியத்தைவிட ஒரு நூல் கீழேதான் இருந்தது. கடையாக இருந்தால் இந்த லென்ஸைத் தூக்கி எறிந்திருப்பாள். எறியாமல் வாசித்தாள். மெட்டு ஏறியது. உச்சிக்குப் போனது. அந்த இடம் வந்தது.

அந்த நாலு ஸ்வரம் அவளுக்கு இப்போது மனப்பாடம். விரலாலேயே வாசித்துவிடலாம். வாசிக்கவில்லை. விரலைக் கட்டைக்கு மேல் நிறுத்திக் காத்திருந்தாள்.

ஜன்னலோரத்திலிருந்து, சுவிட்சுக்குள் குனிந்த தலையிலிருந்து, அது வந்தது. நாலு படி. கரகரவென்று, தன்னையறியாமல். அதன் கடைசிப் படியில் அவள் கையை வைத்து இறங்கினாள். அதற்கப்புறம் முடிவு வரை எங்கேயும் தடை இல்லை.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பதிவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். முதலாவது சுத்தம். பள்ளியின் விதிப்படி அதைத்தான் அனுப்ப வேண்டும். அதை அனுப்பினால் இடம் கிடைத்தாலும் கிடைக்கும். இரண்டாவதைக் கேட்டால், வேறு ஒலி இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தோமே, ஒன்றுக்கு இரண்டு குரல் கேட்கிறதே என்று ஆசிரியர் முகம் சுளிக்கலாம், பாதியிலேயே நிறுத்தவும் செய்யலாம்.

ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது தன் வாசிப்பைப் பற்றிய இரண்டு வரி. முதல் பதிவைப் பற்றி எத்தனை வரி எழுதினாலும் அது அவளைப் பற்றியதாக இருக்காது. கடையில் யாருடைய கண்ணுக்கும் இன்னொருவர் கண்ணாடியை அவள் கொடுத்தனுப்பியதில்லை. முதலாவதை அழித்தாள். இரண்டாவதை அனுப்பினாள். போயிற்று என்று திரையில் வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூடத்துக்கு வந்தபோது அவன் தலையைத் தூக்காமல் கேட்டான்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"நடுவுல நின்னுச்சா?"

"இல்ல" என்றாள். "இந்தத் தடவை நிக்கல."

"நான்தான் சொன்னேனே, உன் சத்தம் இருந்தா நகரும்னு" என்றான் அவன். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறான், பாவம். அவள் ஆமாம் என்று ஒத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.